கேட்கத் துணிந்த செவிலியரை ஏசாதீர்கள்





சில ஆண்டுகளுக்கு முன் என் தாயார் நோயுற்றபோது எங்கள் மம்சாபுரத்திலிருந்து அழைத்துச் சென்று ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். அதன் பெயர் இங்கே தேவையில்லை. எந்த மருத்துவமனையிலும் நடக்கக்கூடியதுதான் அங்கும் நடந்தது. இரவு பதினொரு மணி இருக்கும். இருபத்திரண்டு வயதுக்கு மேல் மதிக்க முடியாத ஒரு செவிலியர் ஊசி மருந்தோடு வந்தார்.

“பாட்டிம்மா, உங்கள் முழுப் பெயர் என்ன?” என்றார். சொன்னோம். “கணவர் பெயர்?” சொன்னோம். “வயது?” அதையும் சொன்னோம். கையிலிருந்த தாளைப் பார்த்தார், என் தாயாரின் முகத்தைப் பார்த்தார், தயங்கினார். “கொஞ்சம் பொறுங்கள், பெரிய சிஸ்டரைக் கேட்டுவிட்டு வருகிறேன்” என்றார்.

எனக்குச் சினம் மூண்டது. “மாலையிலிருந்து இதே கேள்வியை எத்தனை தடவைதான் கேட்பீர்கள்? ஒன்றும் தெரியாத பிள்ளையை எதற்கு அனுப்புகிறார்கள்? தெரிந்தவர்களை வரச் சொல்!” என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அந்தப் பெண்ணின் கண்கள் கலங்கின. ஆனாலும் ஊசியைப் போடாமல் திரும்பிப் போனார்.

கால் மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வந்தார். அந்த மருந்து அன்று மாலை அடுத்த அறையில் சேர்க்கப்பட்டிருந்த இன்னொரு மூதாட்டிக்கு உரியது. இருவருக்கும் ஒரே பெயர். நம் தெருக்களில் எத்தனை பாத்திமா பீவிகள், எத்தனை முகம்மது இப்ராஹிம்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நடந்தது எளிதில் விளங்கும். தந்தையின் பெயரும் கணவரின் பெயரும் வயதும் கேட்டு உறுதி செய்துகொள்ளாத ஒரு கை அன்றிரவு வந்திருந்தால், என் தாயாரின் உடலில் அவருக்கு உரியதல்லாத மருந்து ஏறியிருக்கும். தடுத்தது அந்தப் பெண்ணின் தயக்கம். அந்தத் தயக்கத்தைத்தான் நான் ஊரறிய ஏசினேன்.

இந்தக் கட்டுரை முதலில் என்மீதான குற்றச்சாட்டு. அடுத்து, என்னைப் போன்ற அனைவர் மீதும்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன். கேள்வி கேட்கும் புதிய செவிலியரால் நோயாளிக்கு ஆபத்தில்லை. கேட்கவேண்டிய இடத்தில் கேட்க அஞ்சி வாய்மூடிக்கொள்ளும் செவிலியரால்தான் ஆபத்து. அந்த அச்சம் அவரோடு பிறந்ததன்று. மருத்துவமனை முதலாளியும் மூத்த பணியாளரும் பெற்றோரும் கட்டிலருகே நிற்கும் நாமும் சேர்ந்து அவருக்குள் ஊட்டியது அது.

அறியாதபோது கேட்பது நம் மார்க்கத்தில் இழிவன்று. அபூதாவூதில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சியை நினைவுகூருங்கள். ஒரு பயணத்தில் ஒருவரின் தலையில் கல் பட்டுக் காயமாகிறது. அன்றிரவு அவருக்குக் குளிப்புக் கடமையாகிவிடுகிறது. தயம்மும் செய்துகொள்ளலாமா என்று உடன் வந்தோரிடம் கேட்கிறார். அதற்கு அனுமதியில்லை என்று, உறுதியான அறிவின்றியே அவர்கள் கூறிவிடுகிறார்கள். அவர் குளிக்கிறார், இறந்துபோகிறார். செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள் அந்தத் தோழர்களை மிகக் கடுமையாகக் கண்டித்தார்கள்; அவரைக் கொன்றவர்கள் இவர்களே என்னும் அளவுக்குச் சொன்னார்கள்; தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா என்றும், அறியாமைக்கு மருந்து கேட்பதே என்றும் உணர்த்தினார்கள். கவனியுங்கள், அந்தத் தோழர்கள் தீய எண்ணம் கொண்டவர்கள் அல்லர். தெரியாது என்று சொல்லாமல் விடையளித்தார்கள், அவ்வளவுதான். ஓர் உயிர் போவதற்கு அது போதுமானதாக இருந்தது.

இந்த ஹதீஸை ஜும்ஆ மேடையில் கேட்டுத் தலையசைக்கும் நாமே, மருத்துவமனை வார்டில் ஓர் இளம்பெண் “கேட்டுவிட்டு வருகிறேன்” என்றால் ஏன் கொதிக்கிறோம்?

அந்தப் பெண்ணின் தோளில் ஓர் இரவில் ஏறும் சுமையைச் சற்று அறிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு மருந்தையும் கொடுக்கும் முன் செவிலியர் ஐந்து செய்திகளைச் சரிபார்க்க வேண்டும் என்று பயிற்சியின் தொடக்கத்திலேயே கற்பிக்கிறார்கள்: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். எளிதாகத் தோன்றும். ஆனால் நம் வீடுகளில் பலருக்கும் பழக்கமான இன்சுலினையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் அது ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரு வலிமைகளில் கிடைக்கிறது. 40-க்குரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு. 100-க்குரியதன் மூடி ஆரஞ்சு. 100 யூனிட் வலிமையுள்ள மருந்தை 40-க்குரிய சிரிஞ்சில் அதே எண்வரை இழுத்துவிட்டால், நோயாளியின் உடலுக்குள் போவது இரண்டரை மடங்கு. சர்க்கரை சரிந்து, உறங்குகிறார் என்று நாம் எண்ணியிருக்கும்போதே நினைவிழந்துவிடுவார். பொட்டாசியம் குளோரைடு என்னும் மருந்தை நீர்க்கச்செய்து மெதுவாக ஏற்றினால் உயிர் காக்கும்; அப்படியே நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். தொலைபேசியில் அவசரமாகச் சொல்லப்படும் மருந்தின் பெயர் இன்னொன்றைப் போல ஒலிக்கும். கையெழுத்து படிக்க முடியாமல் இருக்கும்.

மருத்துவச் சிகிச்சை பெறுவோரில் ஏறத்தாழப் பத்துப் பேரில் ஒருவருக்குச் சிகிச்சையின்போதே ஏதேனும் தீங்கு நேர்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை தவிர்க்கக் கூடியவை. அதனால்தான் 2019 முதல் ஆண்டுதோறும் செப்டம்பர் 17 உலக நோயாளர் பாதுகாப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. தவிர்க்கும் வழிகளில் முதலாவதும் செலவில்லாததும் எது? ஐயம் எழுந்த இடத்தில் நின்று கேட்பது.

“தெரியாதவர் எதற்கு வேலைக்கு வந்தார்? படித்துத்தானே வந்திருக்க வேண்டும்?” என்று சிலர் கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு நம் ஊர்ப்பக்கமே விடை சொல்லும். ராஜபாளையத்தின் நூற்பாலைகளில் புதிதாகச் சேர்ந்தவரை முதல்நாள் இரவே தனியாக எந்திரத்தில் நிறுத்துவார்களா? சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் துணி நெய்கிறார்கள்; அங்கே தறிக்குப் புதியவரின் அருகில் பழகியவர் ஒருவர் நிற்பதில்லையா? துணி பாழானால் இழப்பு சில நூறு ரூபாய். அந்தத் துணியால் கட்டப்படும் உடல் பாழானால்? காயத்துக்குக் கட்டும் துணியை நெய்யப் பழகுபவருக்கு ஆசான் உண்டு; காயத்துக்கே கட்டுப்போடப் பழகுபவருக்கு இல்லை என்றால் அது என்ன நியாயம்? மூன்றாண்டுப் பட்டயப் படிப்பும் நான்காண்டுப் பட்டப் படிப்பும் அடிப்படையைத் தரும். கையும் கண்ணும் பழகுவது வேலையின் முதல் ஆண்டில்தான். அந்த ஆண்டில் அவர் கேட்பதற்கு ஒருவர் அருகில் இருக்க வேண்டும். கேட்டால் ஏசாத ஒருவராக இருக்க வேண்டும்.

நம் விருதுநகர் மாவட்டம் மறக்கக் கூடாத ஒரு நிகழ்ச்சி உண்டு. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிப் பெண் ஒருவருக்கு எச்.ஐ.வி. கிருமி கலந்த ரத்தம் ஏற்றப்பட்டது. அந்த ரத்தம் சிவகாசி அரசு மருத்துவமனையின் ரத்த வங்கியிலிருந்து வந்தது. இரவல் பை அல்ல. பரிசோதித்துப் பாதுகாப்பானது என்று கருதப்பட்டு வந்த பை. தானம் செய்தவர் பத்தொன்பது வயது இளைஞர். 2016-இல் அவர் ரத்தம் கொடுத்தபோதே தொற்று தெரிய வந்திருந்தும் அச்செய்தி அவருக்குப் போய்ச் சேரவில்லை. வெளிநாட்டு வேலைக்காக மருத்துவப் பரிசோதனை செய்துகொண்டபோதுதான் தம் நிலையை அறிந்தார். அறிந்ததும் அவர் ஓடி ஒளியவில்லை. தாம் கொடுத்த ரத்தத்தை யாருக்கும் ஏற்ற வேண்டாம் என்று தாமே சென்று தெரிவித்தார். அதற்குள் ஏற்றப்பட்டுவிட்டது. அம்மாத இறுதியில் அந்த இளைஞர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தத் தாய்க்கு 2019 ஜனவரியில் மதுரையில் குழந்தை பிறந்தது. அல்லாஹ்வின் அருளால் குழந்தைக்குத் தொற்று இல்லை. அதே ஆண்டு ஜூலையில் அத்தாய்க்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது.

இதில் செவிலியரின் பிழை என்று நான் சொல்ல வரவில்லை. ரத்த வங்கி ஊழியர்கள் மீதுதான் நடவடிக்கை எடுக்கப்பட்டது. நான் காட்ட விரும்புவது வேறு. ஓர் உயிருக்கும் ஓர் ஆபத்துக்கும் இடையே பல கதவுகள் உள்ளன, ஒவ்வொரு கதவிலும் ஒருவர் நின்று “இது சரிதானா?” என்று கேட்க வேண்டும். ஒரு கதவில் கேட்காமல் விட்டால் அடுத்த கதவில் நிற்பவர்தான் காப்பு. நோயாளியின் கட்டிலருகே இருப்பது கடைசிக் கதவு. அங்கே பெரும்பாலும் நிற்பவர் செவிலியர். இரவில் பல நேரங்களில் அவர் பணிக்குப் புதியவர். இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த நிகழ்ச்சியில் உண்மையைத் தாமாக முன்வந்து சொன்னவர் எந்த அதிகாரமும் இல்லாத ஓர் இளைஞர். அமானிதம் என்பதன் பொருளை அவர் அறிந்திருந்தார். உண்மையைச் சொன்னவரைத் தாங்கிப் பிடிக்க நம் சமுதாயத்தில் ஒரு கை இல்லாமற் போயிற்றே!

உண்மை சொல்பவரை நசுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு உலகமும் சான்று தருகிறது. 2017 டிசம்பரில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஒரு செவிலியர், மருந்துப் பெட்டியின் திரையில் பெயரின் முதலிரண்டு எழுத்துகளைத் தட்டினார். பதற்றம் தணிக்கும் மருந்துக்குப் பதிலாகத் தசைகளை முடக்கும் மருந்து வந்தது. அதைப் பெற்ற மூதாட்டி இறந்தார். செவிலியர் தம் பிழையை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். வேலை போயிற்று, 2022-இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. அவர் செய்தது சிறு பிழையன்று. எச்சரிக்கைகளைக் கடந்துதான் அந்த மருந்தை எடுத்தார். ஆயினும் அந்நாட்டுச் செவிலியர் சங்கம் எழுப்பிய கவலை நியாயமானது: ஒப்புக்கொண்டவர் குற்றவாளிக் கூண்டில் ஏறினால், அடுத்து பிழை செய்பவர் ஒப்புக்கொள்வாரா? மறைக்கப்பட்ட பிழை திருத்தப்படாது. திருத்தப்படாத பிழை இன்னொருவர் வீட்டு வாசலுக்கு வரும்.

இனி, இந்த அச்சத்தை ஊட்டுபவர்கள் யார் என்று பெயர் சொல்லாமல், ஆனால் ஒளிக்காமல் பேசுவோம்.

முதலாவதாக, மருத்துவமனை நடத்துவோர். பொது மருத்துவமனையின் சாதாரண வார்டில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய செவிலியர் குழுமத்தின் அளவுகோல். இரவில் நீங்கள் சேர்ந்திருந்த வார்டில் எத்தனை கட்டில்களுக்கு ஒருவர் இருந்தார் என்று நினைத்துப் பாருங்கள். செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் 2016 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையின்படி அமைந்த குழு, 50 படுக்கைக்கும் குறைவான தனியார் மருத்துவமனையிலும் செவிலியர் ஊதியம் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று பரிந்துரைத்தது. கேரளம் 2018-இல் அந்த அளவைச் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியமாக அறிவித்தது. நம் பக்கத்துச் சிறு நகரங்களில் புதிதாகச் சேரும் பெண்கள் வாங்குவது எவ்வளவு என்பதை உங்கள் உறவினர் வீடுகளிலேயே கேட்டுப் பாருங்கள். ஊதியத்தைக் குறைத்தது போதாதென்று, சான்றிதழ்களின் அசலை வாங்கி அலமாரியில் பூட்டிக்கொள்ளும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. அசலைப் பறிகொடுத்தவர் “இந்த மருந்தில் எனக்கு ஐயம் உள்ளது” என்று மருத்துவரிடம் துணிந்து சொல்வாரா? உழைப்பவரின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கப் பணிக்கப்பட்ட சமுதாயம் நாம். மருத்துவமனை நடத்தும் நம் சகோதரர்கள் இதற்கு மறுமையில் விடை சொல்ல வேண்டியிருக்கும்.

அரசும் விலக்கன்று. 2015-இல் தேர்வெழுதி அரசுப் பணிக்கு வந்த செவிலியருக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டாண்டில் நிரந்தரம் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை நிறைவேறாததால் 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கானோர் சென்னைத் தேனாம்பேட்டையில் அமர்ந்து போராடினர். பிறகே 14,000, அதன் பின் 18,000 என்று உயர்ந்தது. கொரோனாக் கொள்ளையின்போது 2020-இல் அழைத்து வரப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-உடன் முடித்துவைக்கப்பட்டது. நம் மையித்துகளைத் தொட உறவினரே தயங்கிய நாள்களில் நோயாளிகளைத் தொட்டவர்கள் அவர்கள்.

இரண்டாவதாக, பெற்றோர். மகள் செவிலியராக வேண்டும், வளைகுடாவுக்கோ பிரிட்டனுக்கோ போக வேண்டும் என்று ஆசைப்படும் அத்தாமார்களே! நல்ல ஆசைதான். ஆனால் சேர்க்கும் நிறுவனத்துக்குத் தமிழ்நாடு செவிலியர் குழுமத்தின் ஏற்பும் இந்திய செவிலியர் குழுமத்தின் ஏற்பும் உண்டா என்று பார்த்தீர்களா? சில மாதப் பயிற்சி கொடுத்து, வெள்ளை உடை அணிவித்து, செவிலியர் என்று பெயர் சூட்டி அனுப்பும் இடங்கள் இருக்கின்றன. கட்டணம் குறைவு என்று அங்கே சேர்த்தால், உங்கள் மகளின் எதிர்காலமும் முகமறியாத ஒருவரின் உயிரும் சேர்ந்தே பணயமாகும். மருத்துவ அறிவு பெறாமல் மருத்துவம் செய்து தீங்கு விளைவிப்பவர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருப்பதை மறக்கலாகாது.

மூன்றாவதாக, நாம். கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேராக நின்று, பணியில் இருக்கும் ஒரே பெண்ணை ஆளுக்கொரு திசையில் இழுப்பவர்கள். மருந்து கலக்கும்போது குறுக்கே பேசுபவர்கள். தாமதமானால் கையோங்குபவர்கள். மருத்துவப் பணியாளரைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008-இல் தனிச்சட்டமே இயற்ற வேண்டி வந்தது என்றால், நம் நடத்தைக்கு வேறு சான்று வேண்டுமா? மருத்துவரிடம் கைகட்டி நிற்கும் அதே நாவு, செவிலியரிடம் மட்டும் ஏன் நீள்கிறது? அவர் இளையவர், ஏழை, பெண் என்பதால்தானே?

நம் வரலாறு இப்படிப்பட்டதன்று. அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை, காயமுற்றோரைப் பேணி வந்த ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்துக்கு அனுப்பிவைத்தவர்கள் நபி (ஸல்) அவர்கள். அந்தக் கூடாரம் பள்ளிவாசலை ஒட்டியே இருந்தது. நோயாளியைப் பேணும் பெண்ணின் கைக்கு அத்தகைய மதிப்பைக் கொடுத்த உம்மத் நாம்.

ஆகவே, செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

மருத்துவமனை நடத்துவோர், புதிய செவிலியரை முதல் ஆறு மாதங்கள் இரவுப் பணியில் தனியே விடாதீர்கள். இன்சுலின், பொட்டாசியம், ரத்தம் போன்றவற்றை இருவர் சரிபார்த்த பின்னரே கொடுக்கச் செய்யுங்கள். தொலைபேசியில் சொல்லும் மருந்தைச் செவிலியர் எழுதிக்கொண்டு திரும்பப் படித்துக் காட்டட்டும். அதைக் கேட்கும் பொறுமை மருத்துவருக்கு வேண்டும். அசல் சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுங்கள். பிழையைத் தாமாகச் சொன்னவரை எல்லார் முன்னிலையிலும் அவமானப்படுத்தாதீர்கள்.

மூத்த செவிலியர்களே, உங்களை அன்று ஏசியவர்களைப் போலவே இன்று நீங்களும் ஏசினால் இந்தச் சங்கிலி அறாது. “இதுகூடத் தெரியாதா?” என்னும் ஒரு சொல், அடுத்த பத்துக் கேள்விகளை விழுங்கிவிடும்.

ஜமாஅத் நிர்வாகிகளே, மாப்பிள்ளை வீட்டாருக்கு விருந்து வைக்கும் செலவில் ஒரு பங்கு, ஏழைப் பிள்ளை ஒருத்தி ஏற்புடைய கல்லூரியில் செவிலியப் படிப்பை முடிக்கப் போதும். இரவுப் பணி முடிந்து திரும்பும் பெண்ணைப் பற்றிப் புறம் பேசாத தெருவாக நம் தெருவை ஆக்குங்கள். அதற்குச் செலவே இல்லை.

குடும்பத்தார், நோயாளியின் முழுப் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, உண்ணும் மருந்துகள், ஒவ்வாத மருந்துகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி உடன் வைத்திருங்கள். செவிலியர் பத்தாம் முறை பெயர் கேட்டாலும் பத்தாம் முறையும் முகம் சுளிக்காமல் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டால் நீங்கள் பணிவாகக் கேளுங்கள்: “இது என்ன மருந்தம்மா? இவருக்குத்தானே?” அவர் “கேட்டுவிட்டு வருகிறேன்” என்றால், “போய்க் கேட்டு வாம்மா, நாங்கள் காத்திருக்கிறோம்” என்று சொல்லுங்கள்.

அந்தச் சொல்லை நான் அன்று சொல்லவில்லை. மறுநாள் காலை மன்னிப்புக் கேட்கத் தேடினேன். பணி முடிந்து போயிருந்தார். என் தாயார் பின்னர் பல நாள் அந்தப் பிள்ளைக்காகத் துஆச் செய்துகொண்டிருந்தார். அந்தப் பெண் இன்று எந்த ஊரில், எந்த வார்டில் நிற்கிறாரோ அறியேன். என் வாய்ச்சொல்லால் கேட்கும் துணிவை அவர் இழந்திருக்கக் கூடாது என்பதே என் கவலை. இழந்திருந்தால், அதன்பின் அவர் கேட்காமல் விட்ட ஒவ்வொரு கேள்வியிலும் எனக்கும் பங்குண்டு.

அல்லாஹ் நம் நோயாளிகளுக்கு நிறைந்த நலத்தையும், அவர்களைப் பேணும் கைகளுக்குத் துணிவையும், நம் நாவுகளுக்கு அடக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.